தொடர்கதையில் இல்லாத பெண்

அந்தக் காலத்துத் தொடர்கதைகளில் பதினாறு வயதுப் பெண்களுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. மரத்தில் சாய்வார்கள், பெருமூச்சு விடுவார்கள், தாவணி நுனியைத் திருகுவார்கள். எங்கள் வீட்டிலும் தாவணி போட்ட ஒருத்தி இருந்தாள், என் அக்கா. அவளுக்குச் சாய்வதற்கெல்லாம் நேரமில்லை. வயதுக்கு வந்ததும் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு சேர வேண்டும் என்று அவள் உருகிக்கொண்டிருந்தாள். அதை அப்பாவிடம் போய்ச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா படித்து முடித்த வாரப் பத்திரிகை எங்களுக்கு வரும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மத்தியானம் அம்மாவும் நானும் விதைக்கடலை உடைப்போம், அக்கா தொடர்கதையை வாசிப்பாள். அப்பா முன்னறைக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். விதைக்கடலையில் ஒரு பருப்பு வாய்க்குப் போனாலும் அம்மாவிடம் அடி நிச்சயம்.

அந்தக் கோடையில் கதாநாயகி அடியோடு மாறிப்போனாள். பெருமூச்சு நின்றது. படிப்பை நிறுத்திவிட்டார்களே என்று விம்மினாள். அம்மா படத்தை எட்டிப் பார்த்தாள்.

“இது எதுக்கு மரத்துல சாஞ்சு நிக்கிது?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பஸ்ஸுல போறதப் பாத்து ஏங்கி நிக்கிதும்மா.”

“பக்கத்துல சுருட்டமுடியோட ஒருத்தன்?”

“கணக்கு வாத்தியாரு.”

மூன்றாம் வகுப்பு படித்த எனக்குச் சந்தேகம் வந்தது. அக்காவின் தோளுக்கு மேலாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. சுருட்டைமுடிக்காரன் நிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

“பாவம், நல்லாப் படிக்கிற புள்ள. வீட்ல பூட்டி வச்சு என்னத்தக் கண்டாரு அவுகப்பா?” என்றாள் அம்மா. பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு எதற்கு அவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. முன்னறையில் குறட்டை நின்றது.

அக்கா தண்ணீர் குடிக்கப் போனதும் அம்மாவின் காதில் ஓதினேன். “அக்கா பொய்யாப் படிக்கிறாம்மா!”

“தெரியும்டி. டீச்சரம்மா கெணத்தடியிலேயே கதை பூராம் சொல்லிட்டாக” என்று சொன்ன அம்மா, கைநிறைய விதைக்கடலையை அள்ளி என் வாயில் போட்டாள். “நீ தின்னு.”

அடுத்த வாரம் வாசிப்பு முடிந்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ஏத்தா, அந்தப் புள்ளயத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேத்தாகளா இல்லையா?”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “தொடரும்னு போட்ருக்குப்பா.”

அப்பா, “அவுக என்னமும் பண்ணட்டும். பள்ளிக்கூடம் தெறந்ததும் நீ போ” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கதாநாயகி பழையபடி மரத்தில் சாய்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அதை உள்ளது உள்ளபடி வாசித்தாள், அம்மா கொட்டாவி விட்டாள். கடலை மட்டும் எனக்கு அப்புறம் கிடைக்கவேயில்லை. அக்காவின் பொய்யைக் கண்டுபிடித்ததற்கு அம்மா கொடுத்த பரிசு அது என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.