பொங்கல் பானையும் ரப்பர் குழாயும்

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரின்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. தகரக் கூரை, எட்டுக் கட்டில், டாக்டருக்குப் பதிலா மருந்து கொடுத்துக் கட்டுப்போட ஒரு டிரெசர். அவ்வளவுதான்.

பட்ட மரம் சாய்ஞ்சு என் வீட்டுக்காரர் முதுகுல விழுந்துச்சு. இடுப்புக்குக் கீழே அசைவே இல்ல. சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில குலுக்கிக் கொண்டுபோனா உசுரு தங்காதுன்னு இங்கேயே படுக்க வச்சாங்க. சிறுநீரும் தன்னால போகல. வயிறு உப்பிக்கிட்டுத் துடிப்பாரு. காலையும் சாயங்காலமும் டிரெசர் மெல்லிசா ஒரு ரப்பர் குழாயைச் செருகி இறக்கிவிடுவாரு. அப்பதான் மனுசனுக்கு மூச்சே வரும்.

ஆஸ்பத்திரிச் சட்டி ஓட்டையாகிக் கிடந்துச்சு. "நான் வர்றதுக்குள்ள உன் பானையில குழாயைப் போட்டுக் கொதிக்க வச்சிடும்மா. தளதளன்னு கொதிக்கணும். இல்லாட்டி உள்ள சீழ் வச்சிடும்"னு சொல்லிட்டு, டிரெசர் சைக்கிள் ஏறி தோட்டத்தோட அடுத்த டிவிசனுக்குப் போயிடுவாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! நான் ஊர்லருந்து கப்பல் ஏறும்போது எங்கம்மா கையில கொடுத்த வெண்கலப் பானை அது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறது. மூத்திரக் குழாயை அதுலயா போடுவேன்? குழாயை மஞ்சத் தண்ணியில மூணு தடவை கழுவி மட்டும் வச்சேன். எந்தத் தீட்டுக்கும் அதுதானே எங்களுக்கு!

"கொதிச்சுச்சா?"ன்னு டிரெசர் கேட்பாரு.

"கொதிச்சுச்சுங்க ஐயா"ன்னு கூசாம சொல்லுவேன்.

அஞ்சாம் நாள் அவருக்குத் தூக்கித் தூக்கிப் போடுற குளிர். கம்பளிக்கு மேல கம்பளி போட்டும் நிக்கல. குழாயில இறங்கினது கலங்கலா இருந்துச்சு, நாத்தம் குடலைப் புடுங்குச்சு. டிரெசர் முகமே மாறிப்போச்சு. மாத்திரை கொடுத்தாரு, பார்லிக் கஞ்சி நிறையக் குடுக்கச் சொன்னாரு. பொங்கல் பானையில காய்ச்சிக் கரண்டி கரண்டியா ஊட்டினேன்.

"நம்ம பானையா? ருசியா இருக்கு புள்ள"ன்னாரு.

இந்தப் பானை தீட்டாகக்கூடாதுன்னுதானே இவருக்குச் சீழ் வைக்க விட்டேன்! ஓடிப்போய்ப் பானையைக் கழுவி அடுப்புல ஏத்தினேன். குழாயை அதுக்குள்ள போட்டு, தண்ணி வத்த வத்த ஊத்திக் கொதிக்க விட்டேன். டிரெசர் வந்து நின்னாரு.

"இன்னைக்குத்தான் ஐயா முதல் தடவை"ன்னு சொல்லி அழுதேன்.

அந்த மனுசன் குழாயை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு.

அதுக்கு மூணாம் நாள் என் வீட்டுக்காரர் போயிட்டாரு. கருமாதி முடிஞ்சதும் குழாய் கொதிச்ச அதே பானையில சோறாக்கி, ஒத்தையா உக்காந்து தின்னேன். எனக்கு ஒரு தலைவலிகூட வரல.