மாப்பிள்ளை இறங்காத கப்பல்

கன்டெய்னர் ஏற்றும் டிரைலர் வண்டியை இருபது வருஷமாக ஓட்டுகிறேன். திண்டிவனத்துக் குடோனில் மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலைப் பருப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்து ஹார்பரில் விட்டுவிட்டு, அங்கே எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நெற்றியில் விபூதி, வாயில் ‘முருகா’, அப்புறம்தான் சாவியில் கை. இது இல்லாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய பிழைப்பு கப்பலை நம்பி இருந்தது. ஒன்று நான். இன்னொருவர் என் மாப்பிள்ளை. அவருக்குச் சொகுசுக் கப்பலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. சரக்கு நிற்கக் கூடாது என்று எனக்குப் பாஸ் கொடுத்து ஓடச் சொன்னார்கள். ஜனங்கள் கூடக் கூடாது என்று அவருடைய கப்பலை ஓடாமல் நிற்கச் சொன்னார்கள். ஹார்பருக்குள் போனால் நான் கேபினை விட்டுக் கீழே கால் வைக்கக் கூடாது. அவர் கப்பலை விட்டே கால் வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்தார். மாமனாருக்கும் மருமகனுக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருப்பதை அவர் சொல்லவே இல்லை.

மகளுக்கு அப்போது தலைப்பிரசவம். எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளை கப்பலேறிப் போன பிறகுதான் அவள் உண்டாகியிருப்பதே தெரிந்தது. அங்கேதான் என் மனைவிக்குக் கவலை பிடித்தது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் போகக் கூடாது, முடியில் கத்தி படக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் இரண்டு கட்டுப்பாடு உண்டு.

“ரெண்டுல ஒண்ண ஏற்கெனவே மீறியாச்சு” என்று போனில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். “கடலு நம்ம கையில இல்ல. தாடி உங்க கையிலதான இருக்குது? குழந்த பொறக்கற வரைக்கும் கத்தியத் தொடாதீங்க மாப்பிள்ள.”

“சரிங்க அத்த” என்றார் அவர். அந்தக் கப்பலில் தினமும் சவரம் செய்துகொள்ளாவிட்டால் மேலதிகாரி பிடித்துக்கொள்வாராம். ஆனால் பயணிகளே இல்லாத கப்பலில் யார் முகத்தை யார் பார்ப்பது? அவரும் வளர்த்தார். இங்கே எங்கள் ஊரிலும் சலூன் மூடிக் கிடந்தது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் தாடியும் சடையுமாக, ஊரே முருகனுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

வீடியோவில் அவரைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. வேலைக்காரர்கள் ஒட்டி ஒட்டிப் படுக்கக் கூடாது என்று பணக்காரர்கள் தங்குகிற அறைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள். மெத்தை, தொட்டி, கடலைப் பார்த்த மாதிரி பால்கனி. துவைப்பதற்குத் தன் துணியைத் தவிர வேறு துணி இல்லை. அதையே தினம் இரண்டு தடவை துவைத்தேன் என்பார்.

“ராஜா மாதிரி இருக்காருடி” என்றாள் என் மனைவி.

“ராஜாவ ரூமுக்குள்ள வெச்சு வெளிய பூட்டிட்டாங்கம்மா” என்றாள் மகள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்களாம்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது அவர் கப்பல் எங்கெங்கோ சுற்றி, நம் ஆட்களை இறக்கிவிடுவதற்காகப் பட்டணத்துக்கே வந்து சேர்ந்தது. சேதி கேட்டதும் என் மனைவி புளிச்சோறு கட்டி, கோயில் விபூதிப் பொட்டலத்தோடு என் கேபினில் வைத்தாள்.

“நீங்களும் ஹார்பருக்குத்தான போறீங்க. அவரும் அங்கதான் இருக்காரு. குடுத்துட்டு, முடிஞ்சா கையோட கூட்டிக்கினு வந்துடுங்க.”

“அது இன்னா, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டா? இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவருன்னு நிக்கறதுக்கு?”

அவளிடம் இப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, ஹார்பருக்குள் போனதும் நானும் அதைத்தான் செய்தேன். தூரத்தில் வெள்ளை வெளேரென்று ஏழெட்டு மாடி உயரத்தில் ஒரு கப்பல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனைப் போட்டேன்.

“மாப்பிள்ள, பாத்துட்டேன்! உங்க கப்பலப் பாத்துட்டேன்! மஞ்சத் துண்ட ஆட்டறேன், தெரியுதா?”

“எங்க மாமா?”

“அதோ, ஒருத்தர் கையத் தூக்கறாரு பாருங்க. அது நீங்கதான?”

“மாமா, கப்பல்ல ஜன்னல் இருக்குதா?”

உற்றுப் பார்த்தேன். ஒரு ஜன்னல்கூட இல்லை.

“அது காரு ஏத்தற கப்பலு மாமா. நாங்க கடலுக்குள்ள தள்ளி நிக்கறோம். இங்கேருந்து உங்க ஹார்பரே கோடு மாதிரிதான் தெரியுது.”

கை தூக்கிய புண்ணியவான் யாரோ, தெரியாது. அவரும் பல மாதமாகத் தம் வீட்டு ஆட்களைப் பார்க்காதவராகத்தான் இருந்திருப்பார். துண்டை இன்னொரு தடவை ஆட்டிவிட்டு, புளிச்சோற்றை நானே சாப்பிட்டேன்.

ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் முறை வந்த அன்று மத்தியானம் அவரிடமிருந்து போன். குரலே சரியில்லை.

“எறக்க மாட்டேன்னுட்டாங்க மாமா, செக்கிங் ஆபீசருங்க. மாஸ்க்க எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். பாஸ்போர்ட்டுல இருக்கற போட்டோவப் பாக்கறாங்க, என்னப் பாக்கறாங்க. மூஞ்சி ஒத்துப் போகலையாம். சவரம் பண்ணிக்கினு நாளைக்குக் காலையில வாங்கறாங்க. அதுதான் கடைசிப் படகு. அத்தோட கப்பல் வேற நாட்டு ஆளுங்கள எறக்கக் கெளம்பிடுமாம்.”

“பண்ணிக்க வேண்டியதுதான?”

“அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேனே மாமா. அத்த சரின்னு சொன்னாத்தான் கத்தியத் தொடுவேன்.”

நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று மயிலம் முருகனிடம் வருஷக்கணக்காகக் கேட்டு வாங்கியவர் அவர். இவ்வளவு நல்லவராகக் கேட்டிருக்க வேண்டாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கப்பல் கிளம்பிவிட்டால் திரும்ப எத்தனை மாதமோ. மகளுக்கோ நாள் நெருங்கிவிட்டது. பகலெல்லாம் சிரித்துப் பேசுவாள். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“தாடிய எடுத்து குழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா?”

“தாடிய எடுக்காம, அவரு வராமப் போயிட்டா?”

“நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அவனையே கேட்டுடலாம்” என்று முருகன் படத்தைக் காட்டினாள்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் தாடியை எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று வைத்துக்கொண்டோம். எடுப்பது மகள். கட்டுவது நான். தோட்டத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. நந்தியாவட்டையைப் பறித்தேன். செவ்வரளிப் பக்கம் கை போனது. போன கை திரும்பி வந்துவிட்டது. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில் சாமியை ஏமாற்றினேன். முருகா, எல்லாரும் என் மனைவிக்குத்தான் பயப்படுகிறோம், நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு, இந்தத் தப்புக்கு என் தலைமுடியைத் தருகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

என் மனைவி விளக்கு ஏற்றினாள். மகள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

“மூணு தரம் பாக்கணும்” என்றாள் என் மனைவி.

மறுபடி கட்டிக் குலுக்கி வைத்தேன். வெள்ளை. மறுபடி. வெள்ளை. மூன்றாவது தடவை எடுத்ததும், எடுக்காத பொட்டலத்தையும் மகள் சத்தமில்லாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

“மூணு தரமும் வெள்ள!” என்று என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போனை எடுத்து, “மாப்பிள்ள, முருகன் உத்தரவு குடுத்துட்டான். ஜல்தி எடுத்துடுங்க, மீசைய மட்டும் வுட்டுடுங்க” என்றாள்.

மறுநாள் விடியற்காலை சரக்கோடு கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் என் கடனை முடித்துவிட நினைத்தேன். கோயிலும் மூடியிருந்தது, சலூனும் மூடியிருந்தது. கிணற்றங்கரையில் மயிலம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, என் மனைவி கையில் கத்தியைக் கொடுத்தேன்.

“எதுக்கு இப்ப மொட்ட?”

“வேண்டுதல்.”

“இன்னா வேண்டுதல்?”

“வெளிய சொல்லக் கூடாது.”

தலையில் தண்ணீரைத் தேய்த்தாள். “செவ்வரளியில நேத்து எத்தினி பூ இருந்துச்சோ அத்தினியும் அப்படியே இருக்குது” என்றாள். “எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சுக்கினீங்களா? நல்லா குனிங்க.”

குனிந்தேன். கத்தி அவள் கையில் இருந்தது. மீசையையும் சேர்த்தே எடுத்தாள். முடியை மஞ்சள் துணியில் முடிந்து, கோயில் திறந்ததும் செலுத்தலாம் என்று எடுத்து வைத்தாள்.

ஹார்பர் கேட்டில் எனக்கு முன்னால் பெரிய வரிசை. என் முறை வந்தது. காவலர் நெற்றியில் சூடு பார்த்தார், பாஸை வாங்கினார். மாஸ்க்கை இறக்கச் சொன்னார். இறக்கினேன். பாஸைப் பார்த்தார். அதில் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒருவன் இருந்தான்.

“இது யாரு?”

“நான்தாங்க.”

“அப்ப இது யாரு?” என்று என்னைக் காட்டினார்.

“அதுவும் நான்தாங்க. வேண்டுதலுங்க.”

அவர் பெரிய அதிகாரியைக் கூப்பிடப் போனார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் ஹாரனை அழுத்தினார்கள். “யோவ் மொட்ட, இன்னா பேஜாரு பண்றே!” என்று ஒருவர் கத்தினார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து போன்.

“எறங்கிட்டேன் மாமா! வெளிய கேட் கிட்ட நிக்கறேன். நீங்க எங்க?”

“நானும் கேட் கிட்டதான் மாப்பிள்ள. பச்ச டிரைலரு.”

“பச்ச டிரைலர்ல யாரோ மொட்டத் தல பெரியவர் ஒருத்தர்தான் இருக்காரு மாமா.”

பத்தடி தள்ளி, இரண்டு பெட்டியோடு, மழமழவென்ற கன்னமும் மீசையுமாக ஒரு பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன் பேசுவதை நானும் அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து மாதமாகத் தாடியோடு பார்த்த முகம். அதற்குள் இந்த முகம் மறந்துபோயிருந்தது.

“மாமா?”

“மாப்பிள்ள!”

இறங்கிக் கட்டிக்கொள்ள முடியாது. அவர் பெட்டிகளைப் போட்டுவிட்டு, பெரிய அதிகாரியோடு திரும்பி வந்த காவலரிடம் ஓடினார். “சார், இவரு என் மாமனாருதான் சார். நான் சொல்றேன், இவருதான் சார் அவரு” என்றார். முகம் ஒத்துப் போகவில்லை என்று நேற்று திருப்பி அனுப்பப்பட்டவர், இன்றைக்கு என் முகத்துக்குச் சாட்சி. காவலர் சிரித்துவிட்டார். வேறு கார்டுகளையும் பார்த்துவிட்டு என்னை உள்ளே விட்டார். விழுப்புரம் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்த வேனில் மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பினார். உள்ளே போகும் முன் விபூதிப் பொட்டலத்தை மட்டும் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டேன். சரியாகப் பிடித்தார்.

ஊருக்கு வந்தவர் பதினாலு நாள் தனியாக இருக்க வேண்டும் என்று சுகாதாரத்துறையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். பால்கனி அறையில் இருந்தவர் பம்புசெட்டோடு படுத்தார். மகள் தினமும் சாயங்காலம் வரப்பு ஓரமாக வந்து நாற்காலியில் உட்காருவாள். அவர் கொட்டகை வாசலில் உட்காருவார். நடுவில் முப்பது அடி மல்லாட்டைச் செடி. இரண்டு பேரும் போனிலேயே பேசிக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் காலையில் மகளுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் கொல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓட்டுநரிடம் கேட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினோம். மாப்பிள்ளை கொட்டகை வாசலில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். அவள் ஜன்னலில் கையை வைத்துக் காட்டினாள். என் மனைவி, “அழுவாதீங்க மாப்பிள்ள, மாஸ்க்கு நனைஞ்சுடப் போவுது” என்று கத்தினாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. போனில் சொல்லலாம் என்றால் அவர் எடுக்கவில்லை. பதற்றத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் சத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வரப்பில் நின்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னிடம் கேட்டுக்கொண்டு, நாலு பேருமாகச் சேர்ந்து, “பொண்ணு பொறந்திருக்குதாம், பொண்ணு!” என்று கத்தினார்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். “ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா மாமா?”

“ரெண்டு பேரும் நல்லாருக்காங்க மாப்பிள்ள.”

மயிலம் மலைப் பக்கம் திரும்பி, செடிகளுக்கு நடுவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முப்பது அடி தள்ளி நானும் விழுந்தேன். வெகுநேரம் அப்படியே கிடந்தோம்.

களை எடுக்கிற பெண்களில் வயதான ஒருத்திதான் கடைசியில் வாய் திறந்தாள்.

“சாமி கும்பிட்டது போதும், ரெண்டு பேரும் எழுந்திருங்க. பூ வுட்ட செடி மேலயா படுப்பாங்க?”