நெருப்பருகே இன்னொருவர்

நம்பாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கொரியாவில், பாங்க்யோ என்ற ஊரில் ஒரு கேம் கம்பெனியில் எனக்கு வேலை. ஆடுபவர் எதையாவது சாதித்தால் திரையில் 'டிங்' என்று ஒரு பெட்டி வந்து பாராட்டுமே, அதை வரைவது நான்தான். ஊருக்கெல்லாம் பாராட்டு வழங்குகிற என்னைப் பாராட்ட ஆளில்லை என்பது வேறு விஷயம்.

அன்று சூசொக், எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்க் கொண்டாடும் அறுவடைப் பண்டிகை. அலுவலகமே காலி. அம்மா போன பிறகு எனக்குப் போக ஊர் இல்லை. அதனால் பண்டிகைக்கான புது ஆட்டத்தைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திரையில் இரண்டு பேரின் பொம்மைகள் நெருப்பருகே உட்கார வேண்டும். அது அணையும்வரை யாரும் எழக்கூடாது. அணைந்ததும் 'துணை' என்ற பெட்டி திறக்கும். மறுநாள் காலை வெளியீடு. பெட்டி திறக்காவிட்டால் என் வேலைக்கே ஆபத்து.

கூட வேலை பார்க்கும் மின்குவை ஃபோனில் பிடித்தேன்.

"அஞ்சு நிமிஷம் ஆட்டத்துக்குள்ள வாடா. எனக்கு ரெண்டாவது ஆள் வேணும்."

"அக்கா, பஸ்ல நசுங்கிட்டு இருக்கேன். சுரங்கப் பாதை வேற வருது..."

லைன் போய்விட்டது.

மாலை 5.40. என் பொம்மையை மட்டும் நெருப்பருகே உட்கார வைத்துவிட்டு, கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளைப் பிரித்தேன்.

திரையில் இன்னொரு பொம்மை நடந்து வந்தது. எதிரே உட்கார்ந்தது.

மின்கு என்று நினைத்தேன். 'வந்துட்டியா' என்று தட்டினேன். பதில் இல்லை. அதன் தலைக்கு மேல் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

நெருப்பு தணியத் தொடங்கியது. ஃபோன் அடித்தது. மின்கு.

"இப்பத்தான்க்கா சிக்னலே கிடைச்சுது. உள்ள வரட்டுமா?"

திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

எதிரே இருந்த பொம்மை எழுதியது.

'எழுந்துடாதீங்க...'

நான் எழவில்லை. பயம்தான். ஆனால் அன்று முழுவதும் என்னை இருக்கச் சொன்ன ஒரே ஆள் அதுதான்.

நெருப்பு அணைந்தது.

டிங்.

பெட்டி திறந்தது. 'துணை.'

நான் வரைந்த பெட்டி அல்ல. ஓரமெல்லாம் பைன் இலைகள்...

எதிரே யாரும் இல்லை.

விடுமுறை முடிந்து மின்கு வந்தான். கேட்டதும் முகம் வெளுத்தது.

"அது திறந்திருக்கவே முடியாதுக்கா. பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல அந்தப் பெட்டிய ஆட்டத்தோட இணைக்காமலே போயிட்டேன்."

எங்கள் டீம் லீடர் பியோன் மேடத்திடம் பைன் இலைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது டோஹா வரைஞ்சது. உனக்கு முன்னாடி இங்க இருந்தவன், இந்த ஆட்டத்தைத் தொடங்கினதே அவன்தான். போன வருஷ சூசொக்குக்குத் தன் ரூம்ல தனியா இருந்தப்போ மாரடைப்பு. லீவு முடிஞ்சுதான் பார்த்தோம். திரையில அவன் பொம்மை நெருப்புகிட்டயே உட்கார்ந்திருந்துச்சு."

மேடம் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆள் வேணும்னு எங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருந்தான். எனக்கும்தான்."

"நீங்க போகலையா, மேடம்?"

"பண்டிகை முடியட்டும்னு விட்டுட்டேன்."