எட்டு தங்க நிற டிஸ்க்குகள்

ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஓரம் பிய்ந்து பிளேயருக்குள் சிக்கிக்கொள்ளும். மார்க்கர் பேனாவில் எழுதினாலோ நாலே நாளில் மசி தேய்ந்து, எது யாருடைய கல்யாணம் என்று தெரியாமல் போகும். அதனால்தான் டிஸ்க்கின் மேல்பக்கத்தில் லேசராலேயே படமும் எழுத்தும் பொறிக்கும் டிரைவ் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று என் மனைவி கேட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வருடம் விவேக் நகர் தேவாலயத் திருவிழாவில் அவள் முதல்முறையாகத் தனியாகப் பாடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒருவர் வரவில்லை, அவளுடைய அண்ணன். இதே ஊரில், மர்பி டவுனில்தான் இருக்கிறார். எங்கள் புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரித்த விழாவுக்கு நேரில் போய் அழைக்காமல் நான் போனில் சொல்லிவிட்டேன். படியேறி வந்து கூப்பிட முடியாதா என்று கோபித்துக்கொண்டவர், ஒரு வருடமாகத் தங்கையிடம்கூடப் பேசவில்லை. தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கு. பாட்டை டிஸ்க்கில் பதிந்து கொயரில் கூடப் பாடும் ஏழு பேருக்கும் அண்ணனுக்கும் கொடுக்கலாம் என்றேன். அண்ணன் கேட்பாரா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிஸ்க்குகளைக் கலர் கலராக அடுக்கியிருந்தார்கள். நான் சிவப்பை எடுத்தேன்.

“அது பாக்கத்தான் சார் நல்லாருக்கும், எழுத்து எடுக்காது. தங்கக் கலர் எடுத்துக்கங்க, சக்கத்தா, பளிச்சுனு வரும்,” என்றார் கடைக்காரர்.

“வெயில் பட்டா மங்கிடுமாமே?”

“வெயில்ல காய வெக்க இதென்ன வடாமா சார்?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். முதலில் பாட்டைப் பதிந்து, பிறகு டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு லேபிள் பொறிப்பதுதான் முறை. எனக்கோ லேபிளை உடனே பார்த்தாக வேண்டும், அதனால் முதலில் அதையே ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் டிரைவ் உறுமியது. தங்கப் பரப்பில் ஒரு லில்லிப் பூவும் அவள் பெயரும் கருஞ்சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தன. எட்டும் முடிந்ததும் என் கைவண்ணத்தில் நானே சொக்கிப்போய்க் கவரில் போட்டு மூடினேன்.

கொயர்க்காரர்களுக்கு அன்று மாலையே அவள் கொடுத்துவிட்டாள்; அண்ணன் வீட்டுக்கு இந்த முறை நானே போனேன். கவரை வாங்கிக்கொண்டு “ம்” என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

மறுநாளே பாராட்டு தொடங்கிவிட்டது. “மூணு வாட்டி கேட்டோம் சிஸ்டர், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு,” என்றார் கொயர் அம்மா ஒருவர். வீடே அமைதியாகிவிட்டது என்றார் இன்னொருவர். அண்ணனிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் ஓடிப்போய், வேறு யாரோ என்று தெரிந்ததும் அவள் முகம் வாடியது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அண்ணன் கூப்பிட்டார். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“என்னம்மா டிஸ்க் குடுத்தனுப்பியிருக்க? நம்ம வீட்டு பிளேயர்ல போட்டேன், பக்கத்து வீட்டுல போட்டேன், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்துட்டேன். மேல படம் ஜோரா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல!”

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். லேபிள் மோகத்தில் ஒரு டிஸ்க்கைக்கூடத் திருப்பிப் போடவில்லை. எட்டிலும் பாட்டே இல்லை. மூன்று முறை கேட்டுக் கண்ணீர் விட்டவர்களை நினைத்ததும் ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவளுக்கும் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை முறைத்தாள். ஆனால் அந்த முறைப்பு நிலைக்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

“மூணு இடத்துலயா போட்டுப் பாத்தீங்க?”

“பின்ன? நீ பாடியிருக்கன்னா கேக்காம இருப்பேனா?”

“இப்பவே வேற டிஸ்க் போட்டு எடுத்துட்டு வரேன்னு சொல்லு,” என்று நான் கிசுகிசுத்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

“டிஸ்க் எதுக்குண்ணா,” என்று சொல்லிவிட்டு, சமையலறையில் நின்றபடியே போனில் பாட ஆரம்பித்தாள். நடுவில் விசில் அடித்துவிடக் கூடாதே என்று நான் ஓடிப்போய்க் குக்கர் இருந்த அடுப்பை அணைத்தேன்.