சுளுக்கு மலையின் பொய் அடுக்குகள்

வரைபடத்தில் அந்தச் சிகரத்துக்கு யாரோ ஒரு நில அளவை அதிகாரியின் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் சுளுக்கு மலை. பத்தொன்பது வருடமாகப் பாதைக்காவலராக இருக்கிற அவளுக்கோ அது வெறும் தலைவலி.

உச்சிக்குப் போகும் முகட்டுப் பாதை நெடுக அவள் வழி காட்ட இடுப்புயரத்துக்குக் கல் அடுக்கி வைத்திருக்கிறாள். மலையேற வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? போட்டோவுக்காக ஆளுக்கொன்று அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் வருகிறவர் அதை நம்பி, மண் சரிந்து போன பழைய ஓடைப் பாதையில் இறங்குவார். தினமும் ஏழு மணிக்கெல்லாம் ஏறி, முதல் ஆள் வருவதற்குள் அந்தப் பொய் அடுக்குகளை உதைத்துத் தள்ளுவதுதான் அவள் வேலையில் பாதி. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் இப்போது மலையின் வரலாறு எழுதுகிறார். அந்த நில அளவை அதிகாரி பாதி மலையோடு உட்கார்ந்துவிட்டார், அளவைக் கருவியைச் சுமந்து உச்சியைத் தொட்டது அவருடைய சமையல்காரர்தான் என்பது இவர் கட்சி. மூன்று வருடமாகக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"ஒரு தடவையாவது ஏறிப் பாத்துட்டுப் பேசுங்க" என்று முந்தின நாள் வாயை விட்டாள்.

காலையில் எழுந்தால் மேசையில் ஒரு சீட்டு: 'ஏறிப் பார்க்கிறேன்.' போகட்டும், என் கல்லைப் பார்த்துப் போவார் என்று நினைத்தபடி பாதை பிரியும் இடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஓடைப் பக்கமாக வரிசையாக ஏழு அடுக்குகள். நேற்று மாலை வந்த கும்பலின் கைவரிசை. அவற்றின் ஓரமாக அவர் செருப்பின் புதுத் தடம்.

ஏழாவது அடுக்குக்குக் கீழே, சரிந்த மண்ணில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அசையாதீங்க!"

"நீ வெச்ச கல்லைப் பாத்துத்தானே வந்தேன்!"

"அது நான் வெச்ச கல்லா? கட்டிக்கிட்டு முப்பது வருஷமாச்சு, என் வேலை எதுன்னு தெரியலையா?"

"கல்லுல கையெழுத்தா போட்டிருக்கு?"

தோளில் மாட்டியிருந்த கயிற்றை மரத்தில் கட்டி வீசினாள். "இடுப்புல சுத்துங்க. இடது காலை வைங்க. இடதுங்க! அது வலது!"

மண்ணும் வியர்வையுமாக மேலே வந்தவர், அவள் ஏழாவது அடுக்கை உதைத்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தினமுமா இதைப் பண்றே?"

"இல்ல, பூப்பறிக்க வர்றேன். வாங்க, இன்னும் ஆறு இருக்கு. கீழ ஆள் சத்தம் கேக்குது."

அவரும் ஒன்றை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். "அப்போ உச்சி?"

"பேசாம நடங்க."

பாதை பிரியும் இடம் வரும்வரை, அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை.