மகனை அழைத்த அந்த ஆங்கிலச் சொல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது.

ஒரு மதியம் ஜாலான் புசாரில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "வக்கீல் ஆபீஸ்ல இருந்து பேசுறேன் ஆன்ட்டி. உங்க மகன் போன் எடுக்கல. நாளைக்குக் காலையில எக்ஸிகியூட் பண்ணணும், அடையாள அட்டை ஐசியோட வரச் சொல்லுங்க" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த எக்ஸிகியூட் ஒன்றுதான். தொலைக்காட்சியில் தூக்குத் தண்டனைச் செய்தியில் வருவது. வேலைக்குப் போன பிள்ளை எதில் மாட்டிக்கொண்டானோ? நான் அழைத்தும் அவன் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கவும் பயம். லிட்டில் இந்தியா கோயிலுக்கு நடந்தேன்.

பூக்கடையில் அழுதுகொண்டு நின்ற என்னைப் பக்கத்தில் பூ வாங்கிய பெண் விசாரித்தாள். ஆங்கில ஆசிரியையாம். சொன்னேன்.

"மகன் வீடு ஏதும் வாங்குறாரா?"

"ஆமாம்மா, செங்காங்ல."

அவள் சிரிக்கவில்லை. "எக்ஸிகியூட்னா இங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு முடிக்கிறதுதான்லா, ஆன்ட்டி. லத்தீன்ல, கடைசிவரைக்கும் பின்னாடியே போறதுன்னு அர்த்தம். தமிழ்லயும் அப்படித்தானே? தண்டனையையும் நிறைவேத்துறோம், வேண்டுதலையும் நிறைவேத்துறோம்" என்றாள்.

மறுநாள் மகன் கையெழுத்துப் போடப் போனான். அர்த்தம் தெரிந்திருந்தும், அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது லத்தீன்தானா, நான்தான் மாற்றிச் சொல்கிறேனா? தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.