இருபத்தாறு மில்லிமீட்டர்

போன வாரம் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. பெட்டியைப் பிரித்துத் தெர்மோகோலை இழுத்ததும் கிரீச்சென்று ஒரு சத்தம். எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலம். என் ஆய்வுப் பொருள், தபால்தலை அளவேயுள்ள செப்புத் தகடு, அதுதான் ஆன்டெனா. அது அலைகளை அகலமாக இறைத்துவிடும். ஒரே திசையில் கூராக அனுப்ப வைப்பதுதான் என் பாடு. தகட்டுக்கு மேலே சரியான உயரத்தில் இன்னொரு பலகையை நிறுத்தினால், அலை நடுவில் மோதி மோதி முன்பக்கமாகத் திரண்டு வெளியேறும். அந்த உயரம் இருபத்தாறு மில்லிமீட்டர். தாங்கலுக்குத் தெர்மோகோல், அலைக்கு அது வெறும் காற்று மாதிரி.

தகட்டை வடிவாக்கச் செம்பை அரிக்கும் மருந்தின் செம்பழுப்புக் கறை என் துப்பட்டாக்கள் எல்லாவற்றிலும் இருந்தது. "வெத்தல போட ஆரம்பிச்சுட்டியா?" என்பார் கணவர்.

அளக்கத் தனி அறை கிடையாது. காலையில் கல்லூரிப் பேருந்துகள் வருமுன் மைதானத்தில் அளப்போம். ஆய்வக உதவியாளர் மாதையன் ஆன்டெனாவைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, "நாப்பது!" என்று கத்துவார், நான் மீட்டரைப் பார்த்துக் குறிப்பேன். ஒருநாள் அலையின் கூர்மை நினைத்தது போலவே வந்தது. கட்டுரை எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். கூர்மையைக் காணோம். பலகை இருந்தாலும் ஒன்று, எடுத்தாலும் ஒன்று. மூன்று காலைகள் அளந்தும் அதே கதி. முதல் முறை ஆசையில் எண்களைத் தப்பாகப் படித்துவிட்டேனோ? சோறு இறங்கவில்லை. என் வழிகாட்டியான பேராசிரியையிடம் போய், "மேடம், பேப்பரை வாபஸ் வாங்கிடறேன்" என்று அழுதேவிட்டேன்.

"லெட்டர எழுதி வைம்மா. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொருக்கா அளந்து பாத்துரு."

மறுநாள் மைதானத்தில் மாதையன் என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க மேடம், ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்தத் தெர்மாக்கோல எலி கடிச்சுப்போட்டுச்சுங்க. நாந்தான் வேற வெட்டி வெச்சேன். அதே மாதிரிதான இருக்குதுன்னு சொல்லாம வுட்டுட்டேங்க."

ஸ்கேல் வைத்தோம். இருபத்திரண்டு. மூன்று நாளில் ஒருமுறைகூட அதை அளந்து பார்க்கவில்லை, முனைவராகப் போகிறவள்! அவர்மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. கிரீச் கிரீச்சென்று புதிதாக ஒரு துண்டு வெட்டி வைத்தோம். நேர் முன்னால் ஏறிய அளவு, திருப்பத் திருப்பச் சடாரென்று இறங்கியது. பழைய எண்களேதான்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுண்ணா."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேண்டீனில் எத்தனை இட்லி தின்றேன் என்று எண்ணவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம். அளப்பதற்கென்றே அலைகளை உறிஞ்சும் நுரைக்கூம்பு சுவரெல்லாம் ஒட்டிய அறை. கதவைச் சாத்தினால் ஆன்டெனா வைத்த மேசை தானே சுற்றுகிறது. மாதையன் ஓய்வுபெற்றுப் பாப்பிரெட்டிப்பட்டியில் மகளோடு இருக்கிறார். எண் பிசகினால் என் மாணவிகள், "மேடம், செட்டப்புல ஏதோ தப்பு" என்று திருகாணிகளைப் பார்க்கப் போகிறார்கள். தான் பொய் சொல்லிவிட்டோமோ என்று யாரும் சாப்பிடாமல் கிடப்பதில்லை. அப்படிக் கிடந்த ஒருத்தி இங்கே இருந்தாள். அவள் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.